எல்லோருக்கும் ஒரே விதி என்றால் பாகுபாடு எங்கிருந்து வருகிறது?

“தேர்வு ஒன்று, தகுதி ஒன்று, விதி ஒன்று. சாதி பார்த்தோ, ஆண் பெண் பார்த்தோ யாரையும் ஒதுக்கவில்லை. அப்புறம் ‘மறைமுகப் பாகுபாடு’ என்று சட்ட அறிஞர்கள் எதைச் சொல்கிறார்கள்? தோற்றவர்களுக்கு ஆறுதலாகக் கண்டுபிடித்த சொல்தானே அது?” என்பது வாசகர் ஒருவரின் கேள்வி.

ஆறுதல் சொல் என்றால் இத்தனை நாட்டு நீதிமன்றங்கள் ஐம்பது வருடமாக அதோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டியதில்லை. நம் உச்ச நீதிமன்றம் அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 2021-இல்தான். எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றும் விதி, நடைமுறையில் ஒரு தரப்பை மட்டும் கூடுதலாகப் பாதிப்பதற்குத்தான் அந்தப் பெயர். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், சுருக்கினால் விஷயம் கெட்டுவிடும்.

முதலில் நான் கண்ணால் பார்த்த ஒன்று. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, முப்பது வருடம் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். ரேஷன் கடையில் ரேகை மெஷின் வந்த புதிதில் அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். கட்டைவிரலை வைத்தார், மெஷின் கத்தியது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு இடது கை. கடைக்காரர் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலில் ஊற்றித் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். அப்போதும் சரியாகவில்லை. “ரேகை விழல பாட்டி, நாளைக்கு வாங்க” என்றார். அடுத்து நான் வைத்தேன். முதல் தடவையிலேயே விழுந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர். மெஷினுக்கு ஆள் யார் என்று தெரியாது. விதியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: விரலை வை, அரிசியை வாங்கு. ஆனால் யாருடைய ரேகை தேய்கிறது? பாத்திரம் தேய்ப்பவர், சிமெண்டு கலவை குழைப்பவர், கல் உடைப்பவர், வயதானவர். வெறும் பையோடு திரும்பிப் போகிறவர்களை ஒரு மாதம் எழுதிவைத்துப் பார்த்தால், அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார் என்று யாரும் கேட்கத் தேவையிருக்காது.

அந்தக் கடையில் தப்பு செய்தவரைத் தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். பாதிக்கப்பட்டவரைத் தேடினால் உடனே அகப்படுவார். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஆலன் ஃப்ரீமன் 1978-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இரண்டு தேடல்களையும் பிரித்துக் காட்டியது. பாகுபாட்டைக் குற்றம் செய்தவரின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அப்போது கெட்ட எண்ணம் கொண்ட ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தினால்தான் வழக்கே உண்டு. பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அப்போது கேள்வி, அவர் வாழ்க்கையில் என்ன மாறியது என்பது. நீதிமன்றங்கள் முதல் பார்வையிலேயே நின்றுவிடுகின்றன என்பது ஃப்ரீமனின் குற்றச்சாட்டு. நீங்கள் கேட்ட கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது.

எண்ணத்தை விட்டுவிட்டு விளைவைப் பார்த்த முக்கியமான தீர்ப்பு 1971-இல் வந்தது. வழக்கின் பெயர் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டிரேப்பர் என்ற ஊர், டான் ஆற்றங்கரையில் ஓர் அனல்மின் நிலையம். அதில் ஐந்து பிரிவுகள்: கூலி வேலை, நிலக்கரி, இயக்கம், பராமரிப்பு, ஆய்வகம். மொத்தம் 95 தொழிலாளர்களில் 14 பேர் கறுப்பர்கள். கறுப்பர்களைக் கூலி வேலைப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது நிறுவனம். அந்தப் பிரிவில் ஆக அதிகமான சம்பளமே, மற்ற நான்கு பிரிவுகளின் ஆகக் குறைந்த சம்பளத்துக்குக் கீழேதான் இருந்தது.

1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் இனம் பார்த்து வேலையில் ஒதுக்குவதைத் தடைசெய்தது. அது வேலையிடங்களில் நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. அதே நாளில் நிறுவனம் புது விதி கொண்டுவந்தது. நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர வேண்டுமானால், 1955 முதலே கேட்டுவந்த பள்ளி இறுதிச் சான்றிதழோடு இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும். கூலிப் பிரிவிலிருந்து மேலே போகச் சான்றிதழ் வேண்டும். சில மாதம் கழித்து, சான்றிதழ் இல்லாத பழைய தொழிலாளர்கள் அந்த இரண்டு தேர்வுகளில் தேறினால் போதும் என்று தளர்த்தினார்கள். தேர்வின் தேர்ச்சி மதிப்பெண் எங்கே வைக்கப்பட்டது தெரியுமா? நாடு முழுவதும் பள்ளி முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தோற்றுப்போகும் அளவில். நிலக்கரி அள்ளுவதற்கு!

விதியில் ‘கறுப்பர்’ என்ற சொல்லே கிடையாது. வெள்ளையருக்கும் அதே சான்றிதழ், அதே தேர்வு. ஆனால் 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பு ஆண்கள் 12 சதவீதம். இனம் பிரித்த பள்ளிகளில் கறுப்பர்களுக்கு மட்டமான படிப்பைக் கொடுத்தது அதே மாநிலம். இன்னொன்றும் வழக்கில் வெளியே வந்தது. இந்த விதிகளுக்கு முன்னால் சேர்ந்த, சான்றிதழே இல்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் அந்த நல்ல பிரிவுகளில் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள், பதவி உயர்வும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதாவது அந்தச் சான்றிதழ் இல்லாமலே வேலை நடந்தது.

கீழ் நீதிமன்றங்கள் நிறுவனத்துக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டன. உச்ச நீதிமன்றம் 1971 மார்ச் 8-இல் எட்டு நீதிபதிகளும் ஒருமித்துத் தொழிலாளர் பக்கம் நின்றது. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர், நிக்சன் நியமித்தவர், புரட்சிக்காரர் என்று எவரும் சொல்ல முடியாதவர். அவர் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. நரி கொக்கை விருந்துக்குக் கூப்பிட்டுத் தட்டில் ஊற்றிக் கொடுக்கும், கொக்கு நரியைக் கூப்பிட்டு நீண்ட கழுத்துள்ள ஜாடியில் கொடுக்கும். பால் இருவருக்கும் ஒன்றுதான். குடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. வருகிற எல்லோரும் குடிக்கக்கூடிய பாத்திரத்தில் பாலைக் கொடு என்று நாடாளுமன்றம் சொல்லியிருக்கிறது என்றார் பர்கர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், பலரும் தவறவிடும் இடம் இது. அந்தத் தீர்ப்பு தேர்வே வைக்காதே என்று சொல்லவில்லை. தகுதியில்லாதவரை எடு என்றும் சொல்லவில்லை. உன் விதியால் ஒரு தரப்பு மட்டும் கூட்டமாக வெளியே தள்ளப்பட்டால், அந்த விதிக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று காட்டு, அவ்வளவுதான். டியூக் பவர் நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. அந்தத் தொடர்பை உருப்படியாக ஆராய்ந்து பார்க்காமலே விதியை வைத்திருந்தார்கள்.

சரி, அதோடு எல்லாம் சுபமாக முடிந்ததா? இல்லை. கிரிக்ஸ் என்பது, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. அரசியலமைப்பின் சமத்துவ வாக்குறுதிக்கும் அதே அளவுகோல்தானா என்ற கேள்வி 1976-இல் வந்தது. வாஷிங்டன் நகரப் போலீஸ் தேர்வில் கறுப்பர்கள் வெள்ளையரைப்போல் நான்கு மடங்கு தோற்றார்கள். நீதிமன்றம் எண்ணத்தைக் காட்டு என்றது. தீர்ப்பில் அதற்குச் சொன்ன காரணம் வெளிப்படையானது. விளைவைப் பார்க்க ஆரம்பித்தால் வரிச் சட்டம், நலத்திட்டச் சட்டம், உரிமம் கொடுக்கும் சட்டம் என்று ஏகப்பட்டவை கேள்விக்குள்ளாகும், ஏனென்றால் ஏழைகளையும் கறுப்பர்களையும் அவை கூடுதலாக அழுத்தலாம். எனக்கு ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் நெஞ்சை உறுத்தும் வரி அது. அழுத்துகிற சட்டங்கள் இத்தனை இருக்கின்றன என்பது கேள்வியைத் தள்ளிவைக்கக் காரணமா, கேட்டே ஆக வேண்டும் என்பதற்குக் காரணமா?

1987-இல் இதன் கொடுமையான உச்சம். ஜார்ஜியா மாநிலத்தில் மரண தண்டனை வழக்குகளை ஆராய்ந்தபோது, கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் கொன்றவருக்கு மரண தண்டனை விழும் வாய்ப்பு, கொல்லப்பட்டவர் கறுப்பராக இருப்பதைவிட 4.3 மடங்கு என்று பால்டஸ் என்ற பேராசிரியரின் ஆய்வு காட்டியது. ஆய்வு சரியென்றே வைத்துக்கொண்டாலும், இந்த மனிதரின் வழக்கில் இந்த ஜூரிகள் கெட்ட எண்ணத்தோடு நடந்தார்கள் என்று காட்டவில்லையே என்று, மரண தண்டனை பெற்ற கறுப்பரான மெக்ளெஸ்கியின் மனுவை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல் ஓய்வு பெற்றபின், ஒரு வாக்கை மாற்றலாம் என்றால் அதைத்தான் மாற்றுவேன் என்றார். மெக்ளெஸ்கி 1991-இல் கொல்லப்பட்டார்.

அதே 1987-இல் சார்ல்ஸ் லாரன்ஸ் என்ற பேராசிரியர் எழுதிய கட்டுரை, ‘எண்ணம்’ என்ற அளவுகோலையே அடியோடு கேள்வி கேட்டது. பாகுபாடு பெரும்பாலும் செய்கிறவருக்கே தெரியாமல் மனதுக்குள் படிந்திருப்பது, வளர்ந்த சூழலே ஊட்டிவிடுவது. தனக்கே தெரியாத ஒன்றை அவர் நீதிமன்றத்தில் எப்படி ஒப்புக்கொள்வார்? நாம் இங்கே சாதி விஷயத்தில் தினம் பார்ப்பதுதானே. “நான் சாதி பார்க்கமாட்டேன்” என்று மனதார நம்பியபடியே தனி டம்ளர் எடுத்து வைக்கும் கைகளை நமக்குத் தெரியாதா?

இரண்டு வருடம் கழித்து, 1989-இல், சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா ஒரு படி மேலே போனார். அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று, செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்டது. 1964-க்கு முன்னால் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. 1970-களில் தொழில் மந்தம் வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்பு என்ற மூப்பு விதிப்படி ஆட்குறைப்பு செய்தார்கள். 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வெளியே. நீதிமன்றம் என்ன சொன்னது? பெண்களை எடுத்திருக்கிறார்கள், ஆகவே பெண் என்பதற்காகப் பாகுபாடு இல்லை. எடுத்த பெண்கள் வெள்ளைக்காரப் பெண்கள், அலுவலக வேலைக்கு. கறுப்பர்களையும் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஆண்கள். இரண்டையும் சேர்த்து ‘கறுப்பினப் பெண்’ என்று புதுப் பிரிவு உண்டாக்கினால் வரிசைமாற்றம், சேர்மானம் என்று கணக்குப் பாடம்போல் முடிவே இல்லாமல் போகும் என்று நீதிபதி பயந்தார். கிரென்ஷா இதை நாற்சந்தியில் நடக்கும் விபத்தோடு ஒப்பிட்டார். வண்டி எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், சில சமயம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரலாம். நடுவில் அடிபட்டுக் கிடப்பவளிடம், எந்தத் தெருவில் வந்த வண்டி என்று சரியாகச் சொன்னால்தான் வைத்தியம் என்று சொல்ல முடியுமா?

தமிழ் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது, இளைய வாசகர்கள் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். அதைத் தொடர்ந்து 1961-இல் ஒரு சுற்றறிக்கை: அரசு எழுத்தர்கள் சிங்களத் தேர்ச்சித் தேர்வில் தேறினால்தான் சம்பள உயர்வு. கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுத்தர் தேர்வு எழுத மறுத்தார். 1962-இல் உயர்வு நின்றது, வழக்குப் போட்டார். 1964-இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு சமூகத்துக்கு இல்லாத தடையை இன்னொரு சமூகத்தின்மேல் போடக்கூடாது என்ற, அன்றைய இலங்கை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு அந்தச் சட்டம் முரணானது என்றது. உச்ச நீதிமன்றமோ அரசு ஊழியர் சம்பளம் கேட்டு அரசின்மேல் வழக்கே போட முடியாது என்று தள்ளியது. 1969-இல், அப்போது இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றி, அரசியலமைப்புக் கேள்வியை இலங்கை உச்ச நீதிமன்றமே தீர்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. தீர்க்கப்படவே இல்லை. 1972-இன் புதிய அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே கைவிட்டது.

இனி இந்தியா. நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் ஒரு சின்னச் சொல் பல வருடம் வழியை மறித்துக்கொண்டு நின்றது: ‘மட்டும்’. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து அரசு பாகுபாடு காட்டக்கூடாது. 1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் இந்தச் சொல் தன் முழு வேலையையும் காட்டியது. வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் என்ற விதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெண் என்பதற்காக மட்டும் செய்யவில்லை, வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன என்பது வாதம். முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை ரத்து செய்தார்கள்.

அப்புறம் 2015. ஹரியானாவில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று சட்டம் வந்தது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு, வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு. வீட்டில் பயன்பாட்டில் உள்ள கழிப்பறையும் வேண்டும். இத்தனை தளர்த்திய பிறகும், பட்டியல் சாதிப் பெண்களில் 68 சதவீதம் பேர் நிற்க முடியாமல் போவார்கள் என்று மனுதாரர் தரப்பு கணக்குக் கொடுத்தது. ராஜ்பாலா வழக்கு என்பார்கள். உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. நல்லது கெட்டது பிரித்தறியும் சக்தியைக் கல்விதான் மனிதனுக்குக் கொடுக்கிறது என்று எழுதியது.

டிரேப்பர் மின் நிலையத்தையும் ஹரியானா பஞ்சாயத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் படிப்புச் சான்றிதழ்தான் கதவு. இரண்டிலும் அந்தப் படிப்பைக் கொடுக்கத் தவறியது அரசு. ஒன்றில் 1971-இல், இந்தச் சான்றிதழுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீதிபதி கேட்டார். இன்னொன்றில் 44 வருடம் கழித்து யாரும் அப்படி அழுத்திக் கேட்கவில்லை. ஊர்க் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, தலைவர் நாற்காலியில் உட்கார எட்டாம் வகுப்புச் சான்றிதழ் எதற்கு? இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் உறுதியான எண்ணம். ராஜஸ்தான் தன் மாநிலத்தில் கொண்டுவந்திருந்த இதேபோன்ற படிப்பு நிபந்தனையை 2019-இல் நீக்கிவிட்டது.

மாற்றம் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஆரம்பித்தது. 2018 ஜனவரியில் மது எதிர் வடக்கு ரயில்வே தீர்ப்பு. ரயில்வே ஊழியர் ஒருவர் தன் மருத்துவ அட்டையில் இருந்து மனைவி பெயரையும் மகள் பெயரையும் எடுத்துவிட்டார். ஊழியர் யாரைச் சேர்க்கிறாரோ அவர்களுக்குத்தான் ரயில்வே ஆஸ்பத்திரி என்பது விதி. ஆண் ஊழியருக்கும் பெண் ஊழியருக்கும் பொதுவான விதிதான். ஆனால் ரயில்வேயில் ஊழியர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்களைச் சார்ந்து நிற்பவர்கள் பெரும்பாலும் மனைவிகள். அப்படியானால் வீட்டுச் சண்டையின் முடிவில் மருந்து நிறுத்தப்படுவது யாருக்கு? நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்று பெயர் சொல்லியே ரத்து செய்தது. அதே வருடம் செப்டம்பரில், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்ட 377ஆம் பிரிவு வழக்கில், ‘மட்டும்’ என்ற சொல்லின் பழைய வாசிப்பை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் நிராகரித்தார்.

பிறகு 2021 மார்ச் 25. நிதிஷா வழக்கு. என்னைக் கேட்டால், சமத்துவத்தைப் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் இந்தத் தீர்ப்பை முழுதாக ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

ராணுவத்தில் பெண்கள் 1992 முதல் குறுகிய காலப் பணியில் எடுக்கப்பட்டார்கள். ஓய்வு வயது வரை இருக்கும் நிரந்தரப் பணி ஆண்களுக்கு உண்டு, பெரும்பாலான பிரிவுகளில் பெண்களுக்குக் கிடையாது. 2010-இல் தில்லி உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. கொடுக்காமல் மேல்முறையீட்டில் பத்து வருடம் ஓடியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு தேர்வுக் குழு போட்டார்கள். ஆண்களுக்கு வைத்த அதே அளவுகோல்தான் உங்களுக்கும் என்றார்கள். நியாயமாகத்தானே தெரிகிறது?

உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. முதலாவது உடல்தகுதி. ஆண் அதிகாரி ஐந்தாவது அல்லது பத்தாவது வருடத்தில், 25 முதல் 30 வயதில், அந்த உடல்தகுதியைக் காட்டி நிரந்தரப் பணி வாங்கியவர். பிறகு வயதாகி உடல் தளர்ந்தாலும் வேலை போகாது. பெண்களிடம் அதே தகுதியை 40, 50 வயதில் கேட்டார்கள். அவர்களுக்கு வயது கூடியது எதனால்? கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தடித்த வருடங்களால். தாமதம் செய்தவர்களே அந்தத் தாமதத்தை அளவுகோலாக்கினார்கள்.

இரண்டாவது ரகசியக் குறிப்பேடு, மேலதிகாரி வருடாவருடம் எழுதும் மதிப்பீடு. முதல் ஐந்து அல்லது பத்து வருடக் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் பெண்ணுக்கு நிரந்தரப் பணி என்ற பேச்சே கிடையாது என்பதால், எழுதியவர்கள் ஏனோதானோ என்று எழுதியிருந்தார்கள். எப்படியும் மேலே போகப்போவதில்லை என்று தெரிந்த ஒருவருக்கு யார் யோசித்து மதிப்பெண் போடுவார்கள்? அதற்குப் பிந்தைய வருடங்களில் அவர்கள் வாங்கிய பதக்கமும் பாராட்டும் கணக்கிலேயே வரவில்லை.

உடல்தகுதி அளவுகோல் தன்னளவில் தவறில்லை, இத்தனை காலம் கழித்து அதைப் பிரயோகித்த விதம்தான் தவறு என்று தீர்ப்பு நிதானமாகப் பிரித்துச் சொல்கிறது. நம் சமூக அமைப்புகள் ஆண்களால் ஆண்களுக்காக உண்டாக்கப்பட்டவை என்று நேராகவே எழுதியிருக்கிறது. கிரிக்ஸ் முதல் கனடாவின் 2020 ஃப்ரேசர் தீர்ப்பு வரை அலசி, தருணப் கைத்தான், சாண்ட்ரா ஃபிரெட்மன் போன்ற பேராசிரியர்களின் எழுத்துகளையும் எடுத்துவைத்து, ஃப்ரேசரில் உள்ள இரண்டு கேள்விகளை நமக்கும் எடுத்துக்கொண்டது. விதி ஒரு தரப்பை மட்டும் கூடுதலாகப் பாதிக்கிறதா? அந்தப் பாதிப்பு அவர்களுடைய பழைய தாழ்வை நீட்டிக்கிறதா, கூட்டுகிறதா? எண்ணம் இருந்ததா என்று தேடவேண்டியதில்லை. புள்ளிவிவரம் இருந்தால் நல்லது, ஆனால் இத்தனை சதவீதம் என்று கறாரான கோடு கிடையாது. கடைசியில் 60 சதவீத மதிப்பெண் எடுத்தவர்களுக்கு நிரந்தரப் பணி கொடுக்கவும், உடல்தகுதியை அவர்களுடைய ஐந்தாவது அல்லது பத்தாவது வருட நிலையை வைத்துப் பார்க்கவும் உத்தரவிட்டது.

அடுத்த மாதமே, அதே இரண்டு நீதிபதிகள், கிரென்ஷாவின் நாற்சந்தியை ஆந்திர வழக்கு ஒன்றில் பேசினார்கள். பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண் மீது நடந்த பாலியல் வன்கொடுமை. பெண், ஊனம், சாதி மூன்றும் சேர்ந்துதான் அவரை அந்த நிலைக்கு ஆளாக்கின என்பதைத் தீர்ப்பு அருமையாக விளக்குகிறது. ஆயுள் தண்டனையும் உறுதியானது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியான தண்டனை மட்டும் ரத்தானது. சாதியைக் காரணமாக வைத்துச் செய்தார் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்றார்கள், அந்தக் காலத்துச் சட்டம் அப்படி இருந்தது. 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர் இன்ன சமூகம் என்று தெரிந்தே செய்திருந்தால் போதும் என்று மாற்றிவிட்டது. கொள்கையை இத்தனை அழகாக விளக்கிய தீர்ப்பில் அந்தப் பெண்ணுக்கு அது கைகொடுக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது உங்கள் மனதில் இருக்கும் எதிர்வாதத்துக்கு வருகிறேன். எல்லா விதியும் யாரோ ஒருவரைப் பாதிக்கும்தானே, அப்படியே போனால் தேர்வு நடத்த முடியுமா? அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத் தீயணைப்புத் துறையில் 2003-இல் இது நிஜமாகவே நடந்தது. பதவி உயர்வுத் தேர்வின் முடிவில் கறுப்பர் ஒருவருக்கும் உயர்வு கிடைக்காது என்று தெரிந்ததும், வழக்கு வரும் என்று பயந்து நகராட்சி தேர்வையே செல்லாததாக்கியது. இராப்பகலாகப் படித்துத் தேறியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009-இல் ஐந்துக்கு நான்கில் அவர்கள் ஜெயித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அளவுகோல் கோணலா என்று பார்க்க வேண்டியது தேர்வுக்கு முன்னால். முடிவு வந்தபின் பாத்திரத்தைக் கவிழ்த்தால் நரிக்கும் இல்லை, கொக்குக்கும் இல்லை.

அந்த நாட்டில் காற்று இப்போது எதிர்ப்பக்கம் அடிக்கிறது. விளைவை வைத்துப் பாகுபாடு பார்க்கும் முறையை மத்திய அமைப்புகள் கூடுமானவரை கைவிட வேண்டும் என்று 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். ஆனால் 1991-இல் நாடாளுமன்றம் அந்த முறையைச் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டதால், தனிமனிதர்கள் வேலை தொடர்பாக வழக்குப் போடும் வழியை ஆணையால் மூட முடியாது.

நம்மிடம் அப்படி ஒரு சட்டமே இல்லை. 15ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் கம்பெனியில் இதே விதி வைத்தால் நிதிஷா தீர்ப்பைக் காட்டி நேராகக் கேட்க முடியாது. ஊனமுற்றோருக்கான 2016-இன் சட்டத்தில், நோக்கமாக இருந்தாலும் விளைவாக இருந்தாலும் பாகுபாடு பாகுபாடுதான் என்ற விளக்கம் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாகச் சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்று முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-இல் பரிந்துரைத்தது, கிடப்பில் போனது. 2017-இல் சசி தரூர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த பாகுபாடு எதிர்ப்புச் சட்டமும் நிறைவேறாமல் காலாவதியானது.

ஆகவே இப்போதைக்குக் கையில் இருப்பது அரசு வைக்கும் விதிகளைக் கேள்வி கேட்கும் வழி. நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ அப்படி ஒரு விதியில் மாட்டியிருந்தால், வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், ஆண் பெண் வாரியாக, சமூக வாரியாக, ஊனமுற்றோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசியாக ஒரு கேள்வி: இந்த அளவுகோலை வைப்பதற்கு முன்னால், வேலைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கோப்பு இருந்தால் அதன் நகல் தேவை. நான் பார்த்தவரை அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: “இவ்வலுவலகத்தில் அத்தகைய ஆவணம் ஏதும் இல்லை.” அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழக்கில் முதலில் வைக்க வேண்டிய ஆவணம் அதுதான்.